கொடிமரக் குழியில் இருந்தவர்

எழுதுகிற ஆள் இல்லை நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். சுதை பூசும் கரணை பிடித்த விரல்களில் பேனா சரியாக உட்காருவதும் இல்லை. இவன் யார் நமக்குச் சொல்ல என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த நாட்டில் கோயில் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் எனக்கு போன் பண்ணுகிறீர்கள். "அண்ணே, இங்க எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்கிறீர்கள். குளிரில் சுதை எப்படி இறுகும், சாரத்தில் பெல்ட் ஏன் போட வேண்டும் என்றெல்லாம் சொல்கிறேன். அதெல்லாம் சுலபம். வலது தோள் போய், சாரம் ஏறுவதை நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முக்கியமான ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில், பே ஏரியா என்று சொல்லும் வளைகுடாப் பக்கம் ஒரு கோயில். பெயர் வேண்டாம். பழைய கிடங்கு ஒன்றை வாங்கி, உள்ளே சன்னதிகள் வைத்து, பல வருடம் அப்படியே நடத்தினார்கள். பிறகு முன்னால் கோபுரமும் கொடிமரமும் வேண்டும் என்று முடிவானது. ஊரிலிருந்து ஆறு பேர் வந்தோம். நான் தலைமை. கமிட்டியில் எங்களுக்குப் பொறுப்பு ஒரு செக்ரட்டரி மேடம். கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை. எங்களை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு, ஆபீஸ் போகும் வழியில் தினமும் வந்து பார்ப்பார்.

வேலை தொடங்குவதற்கு முன் அவர் எங்களை உட்காரவைத்து ஒரு காகிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னார். "அண்ணா, இது பெர்மிட்லயே இருக்கு. தோண்டும்போது எலும்போ பழைய சாமானோ எது வந்தாலும் உடனே ஸ்டாப் பண்ணிட்டு எனக்குச் சொல்லணும். தொடவே கூடாது. இது முன்னாடி நேட்டிவ் பீப்பிள் இருந்த இடம்." நாங்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். புரியவில்லை, மறந்துவிட்டேன் என்று நான் இப்போது சொன்னால் அது பொய்.

மற்ற இடமெல்லாம் மெஷின்தான் தோண்டியது. அதை ஓட்டியவர் லூயிஸ் என்று ஒருவர். கொடிமரக் குழி மட்டும் கட்டடத்துக்குப் பக்கத்தில், கேஸ் குழாய் போகும் இடத்தில் வந்தது. அதனால் கையாலேயே தோண்டச் சொன்னார்கள். நானும் முருகேசனும் இறங்கினோம். முருகேசன் காரைக்குடிப் பக்கம். வாய் சும்மா இருக்காது.

இரண்டடி போனதும் மண் கறுப்பாக மாறியது. எண்ணெய் விட்டுப் பிசைந்த மாதிரி இருந்தது. அதில் கிளிஞ்சல், கை நிறையக் கிளிஞ்சல்.

"அண்ணே, இங்க யாரோ சுண்ணாம்புச் சூளை போட்டிருக்கான்" என்றான் முருகேசன். "நம்மாளு எவனோ முன்னாடியே வந்து கான்ட்ராக்ட் எடுத்துட்டுப் போயிருக்கான் போல."

நானும் சிரித்தேன். எங்கள் தொழில் கண்ணுக்குக் கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்புதான். அது மனிதர்கள் பல தலைமுறையாக உட்கார்ந்து சாப்பிட்டு, பிள்ளை பெற்று, இறந்தவர்களைப் பக்கத்திலேயே புதைத்து வாழ்ந்த மேடு என்று அப்போது தோன்றவில்லை.

இடுப்பளவு ஆழத்தில் அவர் இருந்தார்.

முழங்கால்களை மார்போடு சேர்த்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார். குழந்தை தூங்குகிற மாதிரி. கழுத்துப் பக்கம் சின்னச் சின்ன வெள்ளை மணிகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். சிப்பியில் செய்தது. நடுவில் ஒரு துளை, ஊசி மட்டும் போகும். இரும்பு இல்லாமல் அந்தத் துளையைப் போட எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள் என்று கை கணக்குப் போட்டது. எந்தக் கைவேலைக்காரனும் அதைப் பார்த்துவிட்டு, இது ஏதோ மிருகத்தின் எலும்பு என்று சொல்ல முடியாது.

முருகேசன் சிரிப்பை விட்டுவிட்டான். "அண்ணே, மேடத்தைக் கூப்பிடவா?"

"இரு" என்றேன்.

அந்த "இரு" என்ற சொல்லைத்தான் நான் இத்தனை நாளாகத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

உங்களில் சிலருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். மனையில் எலும்பு, முடி, கரி இப்படி ஏதாவது புதைந்திருந்தால் அதைச் சல்லியம் என்போம். அது உள்ளே இருக்கும்போது மேலே சாமியை வைக்கக் கூடாது. தோண்டி எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். நான் பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அது. ஊரில் இரண்டு இடங்களில் என் கையாலேயே எடுத்திருக்கிறேன். மாட்டு எலும்பு. பால் தெளித்து, சாந்தி செய்து, வேலையைத் தொடர்ந்தோம்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அர்ச்சகர்களுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. எங்கள் விசா முடிய நான்கு மாதம் இருந்தது. வேலையை நிறுத்தினால் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் குழியிலிருந்து ஏறி, ஊரில் இருக்கும் எங்கள் ஸ்தபதிக்கு போன் போட்டேன். எனக்குத் தொழில் கொடுத்தவர் அவர்.

"ஐயா, கொடிமரக் குழியில எலும்பு வந்திருக்கு."

"சல்லியந்தானே. எடுத்து ஓடுற தண்ணியில விட்டுட்டு, பால் தெளிச்சுட்டு வேலையப் பாரு. இதுக்கெல்லாமாடா அமெரிக்காவுல இருந்து போன் போடுவ?"

"சரிங்கய்யா."

பிறகு பல நாள், ஐயா சொன்னார், அதனால் செய்தேன் என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஏனென்றால் நான் "எலும்பு" என்றுதான் சொன்னேன். "மனுஷ எலும்பு" என்று சொல்லவில்லை. மணிகளைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் மாடு என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் நான் அப்படிச் சொன்னேன். ஒருவரிடம் யோசனை கேட்கும்போது நமக்கு வேண்டிய பதில் வருகிற மாதிரி கேட்டுவிட்டால், அந்த யோசனை நம்முடையதுதான், அவருடையது இல்லை.

குழியில் இருந்தவரை எடுத்தேன். புது வேட்டி ஒன்று வைத்திருந்தேன், கும்பாபிஷேகத்துக்குக் கட்ட. அதை விரித்து அதில் வைத்தேன். மண்டையோட்டை இரண்டு கையாலும் எடுத்தேன். மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. மறுநாள் காலை கோயில் வேனில் முருகேசன் ஓட்ட, மூன்று மைல் தள்ளி பே கரைக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டு, எலும்பையும் மணிகளையும் கரைத்தேன். என் அப்பாவுக்கு ராமேஸ்வரத்தில் செய்ததைத்தான் அவருக்கும் செய்தேன். வேட்டியையும் விட்டுவிட்டேன். கரையேறும்போது முருகேசன், "நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. அனாதையா கெடந்துச்சு" என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, முப்பதடி தள்ளி மழைநீர்க் குழாய்க்கு லூயிஸ் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். திடீரென்று மெஷின் நின்றது. லூயிஸ் இறங்கி, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு மண்டையோடு. ஃபோர்மேன் ஏதோ சொல்ல, லூயிஸ் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நோ. ஐ டோன்ட் டச்" என்றார். அவரே செக்ரட்டரி மேடத்தைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றது. அந்த மனிதருக்கும் வீட்டு வாடகை உண்டு, அன்றைக்குச் சம்பளம் போகும். என்ன யோசித்தார் என்று கேட்டால், யோசிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் கரோனர் ஆபீஸிலிருந்து வந்தார்கள். சாவு விசாரிக்கும் மாவட்ட அதிகாரிகள். இது பழைய எலும்பு, இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அந்த அம்மா வந்தார். ஓலோனி மக்களில் ஒருவர். இறந்தவர்களுக்கு இப்போது உறவு என்று சொல்லி அரசாங்கம் அழைப்பது அவரைத்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஏதோ பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தெர்மாஸ், ஒரு தொப்பி. ஒவ்வொரு வாளி மண்ணையும் தன் முன்னால் சலிக்கச் சொல்லி, காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கோயில் சமையலறையிலிருந்து மத்தியானம் தயிர்சாதம் வந்தால் அவருக்கும் ஒரு தட்டு கொண்டுபோவேன். முதல் நாள் மோர்மிளகாயைக் கடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். மேடத்திடம் என்னவோ சொன்னார். மேடம் சிரித்துக்கொண்டே, "அண்ணா, இதை வெச்சுத்தான் நீங்க சிலை செதுக்குறீங்களான்னு கேக்கறாங்க" என்றார். மறுநாள் அவரே மிளகாய் கேட்டு வாங்கினார். நான் செய்து வைத்திருந்த யாளியைப் பார்த்து, இது கடிக்குமா என்று சைகையில் கேட்டார். கமிட்டிக்காரர்களை மட்டும் கடிக்கும் என்றான் முருகேசன். மேடம் அதையும் மொழிபெயர்த்தார்.

நான்காம் நாள் அவர், கொடிமரக் குழியிலிருந்து நாங்கள் வெட்டிப் போட்ட மண் குவியலையும் சலிக்கச் சொன்னார். அதில் ஏழு சின்ன எலும்புகள் கிடைத்தன. விரல் எலும்புகள். கூடவே இரண்டு மணிகள்.

நான் பத்திரமாகத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவசரத்தில் ஒரு கை மண்வெட்டியோடு போயிருக்கிறது.

மேடம் எங்களிடம் வந்தார். "அண்ணா, இந்தக் குழி நீங்கதானே தோண்டினீங்க? எதாவது பாத்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

முருகேசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் என்னை நம்பினார். திரும்பிப் போய் அந்த அம்மாவிடம், எங்கள் ஆட்கள் ஒன்றும் பார்க்கவில்லை, அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்றார். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

அடுத்த மூன்று நாள் அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. மண்டியிட்டு, மண் குவியலைத் தன் கையாலேயே அளைந்தார். குவியல் முடிந்தது. குழிக்குள் இறங்கி ஓரங்களைச் சுரண்டினார். பிறகு சலித்த மண்ணையே இன்னொரு முறை சலிக்க ஆரம்பித்தார். நான் சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார், திறக்க மாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் மேடம் பக்கத்தில் இருந்தபோது கேட்டேன். "விரல்தான் கிடைச்சிருச்சே. இன்னும் எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு கேளுங்க மேடம்."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகப் பதில் சொன்னார். மேடம் அதை அப்படியே எனக்குச் சொன்னார். "உங்க வீட்டு ஆளோட கை ரோட்ல கிடைச்சா, சரி கை கிடைச்சிருச்சுன்னு நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்களான்னு கேக்கறாங்க."

நான் எங்கள் அறைக்குப் போய்விட்டேன். முருகேசன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்லப் போறீங்க. சொன்னா ஆறு பேரையும் பிளேன் ஏத்திருவான். எனக்கு ஊர்ல வீடு பாதியில நிக்குது."

"தெரியும்டா."

"அது என்ன, செத்து ஆயிரம் வருஷம் ஆயிருக்கும். உசுரோட இருக்குற நம்மள யோசிங்க."

"அந்தம்மா உசுரோடதான் இருக்கு" என்றேன். "அது மண்ணத் தோண்டிக்கிட்டே இருக்கு. கிடைக்காதுன்னு தெரிஞ்ச ரெண்டே பேரு நாம. நாம தயிர்சாதம் கொண்டுபோய்க் குடுக்குறோம்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "வேன் ஓட்டுனது நான்னும் சொல்லிருங்க" என்றான்.

மேடத்திடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் எழுதப் போவதில்லை. "அண்ணா, நான் உங்களுக்காக வாக்கு குடுத்தேனே" என்றார். பிறகு, "இதை நான் அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

"நானே சொல்றேன்."

குழி ஓரத்தில் போய் நின்றேன். இந்த நாட்டுக்குக் கோயில் வேலையாக ஒன்பது வருடம் வந்து போயும் எனக்கு ஆங்கிலம் அவ்வளவுதான். "ஐ டேக்" என்றேன். "ஆல் போன். ஐ புட் இன் வாட்டர். சாரி." பே இருக்கும் திசையில் கையைக் காட்டினேன். அவர் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு, இடத்தைக் காட்டு என்றார்.

நீங்கள் கேட்பீர்கள் என்பதால் நடுவில் இதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் பிளேன் ஏற்றவில்லை. கும்பாபிஷேகம் தள்ளிப்போனது. மழைநீர்க் குழாய் வேறு வழியாகப் போனது, கொடிமரத்துக்குச் சற்று முன்னால் வேறு குழி எடுத்தோம். கமிட்டியில் சிலர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. ஸ்தபதியிடம் உண்மையைச் சொன்னபோது அவர் திட்டினார். தொழிலுக்காக இல்லை, என்னிடம் மறைத்தாயே என்று. இவையெல்லாம் எனக்கு நேர்ந்தவை. அந்த அம்மாவுக்கு நேர்ந்ததற்கு எதிரில் இவற்றை வைத்துப் பேச முடியாது.

மேடத்தின் காரில் மூன்று பேரும் கரைக்குப் போனோம். தண்ணீர் உள்வாங்கி வெறும் சேறாக இருந்தது. நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அவர் கேட்டார், மேடம் சொன்னார்: "தண்ணில போடும்போது எதாவது சொன்னீங்களா?"

"எள்ளும் தண்ணியும் விட்டேன். பேர் சொல்லி விடணும். பேர் தெரியாததால, தாயேன்னு சொல்லி விட்டேன்." ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

மேடம் அதை மொழிபெயர்க்கும்போது அழுதார். அந்த அம்மா அழவில்லை. அவர் பேசியதை மேடம் துண்டு துண்டாகச் சொன்னார்.

"முதல்ல மிஷன்னு சர்ச் கட்டின பாதிரிங்க வந்தாங்களாம். எங்க ஆளுங்களைப் பிடிச்சு வேலை வாங்கினாங்க, செத்தவங்களைப் பள்ளத்துல போட்டாங்க. அப்புறம் ரோடு போட்டவங்க, கிளிஞ்சல் நல்லா இருக்குன்னு எலும்போட சேர்த்து அள்ளி ரோட்ல பரப்பினாங்க. அப்புறம் யுனிவர்சிட்டில படிச்சவங்க வந்து எலும்புக்கு நம்பர் போட்டு பெட்டியில வெச்சுட்டாங்க. பெட்டியில இருக்கறவங்களையாவது கேட்டு வாங்கலாம், இப்பவும் கேட்டுட்டுத்தான் இருக்கோம்ங்கறாங்க."

கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததைச் சொல்ல மேடம் தயங்கினார். நான், பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன்.

"அவங்கெல்லாம் எங்களை மதிக்காம எடுத்தாங்க. நீங்க மதிச்சு எடுத்தீங்க. ரெண்டுலயும் எங்களை யாரும் கேக்கலைங்கறாங்க."

தம்பிகளே, சல்லியம் என்றால் மனையில் இருக்கக் கூடாதது என்று படித்தேன். குழியில் கிடந்தவர் அங்கே முன்பே இருந்தவர். பின்னால் வந்தவன் நான். ஊரில் என்னை யாராவது வந்தேறி என்று சொன்னால் சண்டைக்குப் போவேன். இங்கே விசா ஆபீசர் முறைத்தால் நடுங்குவேன். நம்மை எல்லோரும் மிதிக்கிறார்கள், நாம் யாரை மிதிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாட்டின் பழைய பாவத்தில் சேர்ந்துகொள்ளக் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவசரமும் நம் வழக்கத்தின் மேல் சந்தேகமே இல்லாத நம்பிக்கையும் போதும். நம் வழக்கம் நம் வீட்டுச் சாவுக்கு. அடுத்த வீட்டுச் சாவில் வாசலில் நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்க வேண்டும். மண்ணில் எலும்பைப் பார்த்தால் கருவியைக் கீழே வையுங்கள். யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்காதீர்கள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள், முழுதாக.

கரையிலிருந்து திரும்பும் முன் அந்த அம்மா குனிந்து, சேற்றில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டார். விரல் எலும்புகளை அந்தக் குழியிலேயே வைத்துவிடுகிறேன், அதன் மேல் எதுவும் கட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டார். மேடம், கமிட்டியைக் கேட்காமலேயே, சரி என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா உறவினர் இரண்டு பேரோடு வந்தார். எங்களை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார். நாங்கள் பார்க்கிங்கில் நின்றோம். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு போனார்கள். பத்தரைக்குக் கரோனர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, நான் சொன்னதை எழுதி, என்னிடமும் முருகேசனிடமும் கையெழுத்து வாங்கினார். மத்தியானம் குழியை மண் போட்டு மூடினோம்.